உப்பளத்துக் கேட்டில் ஒரு மஞ்சள் பலகை

போன மாதம் என் தம்பி ஜப்பாரின் மகள் ஜெர்மனியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மேல்படிப்புக்காக அங்கே போயிருக்கிறாள். வீடியோவில் கடைத்தெரு நடுவே ஒரு டிராம் வண்டி வருகிறது. ஆட்கள் பஸ்ஸில் ஏறுவதுபோல ஏறுகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் அதே வண்டி தெருவை விட்டு விலகி, பெரிய ரயில்கள் ஓடும் பாதையில் ஏறிக்கொண்டு கிராமங்களைப் பார்த்துப் போகிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "பெரியவாப்பா, உங்க வண்டி மாதிரியே இல்ல?"

அதை நான் எங்கள் ரயில்வே டிரைவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. இப்போது வண்டி ஓட்டும் பையன்கள் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். "சார், நம்ம லைன்ல ரயில் பஸ்னு ஒண்ணு ஓடுச்சாமே, நிஜமாவா?" என்றான் ஒருவன். "அதுல நீங்க டிரைவரா, கண்டக்டரா சார்?" என்றான் இன்னொருவன். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். நீங்களே எழுதிக் கொடுங்கள், நம் சங்க மலரில் போடுவோம் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் நான் எழுதப்போவது வண்டியைப் பற்றி மட்டும் இருக்காது. அந்த வண்டியைத் தனியாகப் பிரித்து நினைக்க எனக்குத் தெரியாது.

என் பெயர் மீரான். சொந்த ஊர் அதிராம்பட்டினம். எங்கள் ஊரில் ஆம்பளைப் பிள்ளை மீசை முளைத்ததும் பாஸ்போர்ட் எடுப்பான். நான் ரயில்வேயில் சேர்ந்தேன். கரி அள்ளிப் போட்டது, டீசல் பழகியது, பரீட்சை எழுதியது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜங்ஷன் வரைக்கும் எங்கள் மீட்டர் கேஜ் பாதையில் ஒரு ரயில் பஸ் விட்டார்கள். அதை ஓட்ட ஆள் கேட்டபோது பெரிய வண்டிக்காரர்கள் யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே என்பதுதான் காரணம், வேறு லட்சியம் எதுவும் இல்லை.

நாலே சக்கரம். பஸ்ஸுக்குப் போடும் இன்ஜின். இரண்டு பக்கமும் பஸ்ஸைப் போலவே படி வைத்த கதவு. உள்ளே டிக்கெட் கொடுக்க ஒரு ஆள், அவர் பெயர் பக்கிரிசாமி. ஸ்டேஷன் இல்லாத இடத்திலும், வாய்க்கால் மதகு, வயல்வரப்பு என்று நான்கைந்து இடங்களில் நிற்க எங்களுக்கு அனுமதி இருந்தது. ஓட்டும்போது தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் முதுகில் வந்து தட்டும். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும், தூங்கப் போகும்போது அந்தத் தட்டலை உடம்பு எதிர்பார்க்கிறது. வராது என்று அதற்கு எப்படிச் சொல்வது?

அதே பாதையில்தான் நெல் ஏற்றிய சரக்கு வண்டியும் உப்பு ஏற்றிய சரக்கு வண்டியும் பாசஞ்சரும் ஓடின. ஒற்றைப் பாதை. ஸ்டேஷன் மாஸ்டர் கையிலிருந்து இரும்பு உருண்டை ஒன்று வாங்கினால்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை நம்முடையது. அதற்குப் பெயர் டோக்கன். அந்த உருண்டை என்னிடம் இருக்கும்வரை எத்தனை பெரிய எக்ஸ்பிரஸாக இருந்தாலும் எனக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று பக்கிரிசாமி அந்த உருண்டையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

ஒரே ஒரு குறை. ஜங்ஷனில் ஒரு வண்டி பாதையில் நின்றால் மாஸ்டர் அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். சக்கரம் தண்டவாளத்தில் நன்றாக அழுந்தினால்தான் அது எரியும். எங்கள் வண்டிக்கோ எடை கிடையாது. போதாததற்கு உப்பளக் காற்றில் பாதையெல்லாம் துருப்பிடித்திருக்கும். அதனால் நாங்கள் வந்து நின்றாலும் பல நாள் விளக்கு எரியாது. மாஸ்டர் கணக்குப்படி அங்கே வண்டியே இல்லை. ஆகவே போய் நின்றதும் பக்கிரிசாமி இறங்கி ஓடி, "வந்துட்டோங்க, ரெண்டாம் லைன்ல நிக்கிறோம்" என்று நேரில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வண்டிக்கென்றே போட்ட விதி. அவர் அதைச் சொல்லிவிட்டு வரும்வரை நான் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இனி கேட் விஷயம்.

எங்கள் ஊர் ஸ்டேஷனைத் தாண்டி ஜங்ஷன் திசையில் கொஞ்ச தூரத்தில் உப்பளத்துக்குப் போகும் வண்டிப்பாதை குறுக்கே வரும். அங்கே ஒரு கேட். வெளிநாடு போகிறவனை நாங்கள் சபுராளி என்போம். சபுராளியை வழியனுப்ப ஆம்பளைகள் ஸ்டேஷனுக்கு வருவார்கள், கட்டிப் பிடிப்பார்கள், துஆ ஓதுவார்கள். பொம்பளைகள் ஸ்டேஷனுக்கு வரும் பழக்கம் கிடையாது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தென்னந்தோப்பு வழியாகக் குறுக்கே நடந்து அந்தக் கேட்டில் வந்து நிற்பார்கள். பெரிய வண்டிகள் வந்த வேகத்தில் போய்விடும். ஜன்னலுக்குள் இருப்பவன் மகனா, புருஷனா, யாரோ ஒருத்தனா என்று தெரிவதற்குள் கடைசிப் பெட்டியும் போயிருக்கும்.

நான் ஓட்ட ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். என்னை அறியாமல் வேகத்தைக் குறைத்தேன். வண்டிக்குள் இருந்த அவள் புருஷன் படியில் வந்து நின்று கை தூக்கினான். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் நாலு வீட்டுப் பெண்கள் நின்றார்கள். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஊர் தாண்டியதும் பக்கிரிசாமி எழுந்து, "சபுராளி யாரும் இருக்கீங்களா? இடது பக்கப் படிக்கு வாங்க" என்று கூப்பிடுவார். நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவருவேன். கேட்டைத் தாண்டியதும் நீளமாக ஒரு ஹாரன். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் வயற்காட்டுப் பையன்களின் அம்மாக்களும் பிறகு அங்கேயே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கேட்காரர் வயசானவர்களுக்கென்று ஒரு முக்காலி போட்டுவைத்தார்.

அந்தக் காலத்தில் ஊரே புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. வயல்வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வெளியே கதவு திறந்திருந்த நேரம். ஒரு நாளைக்கு ஒருத்தனையாவது நான் கொண்டுபோய் ஜங்ஷனில் விடுவேன். திரும்பி வரும்போது வண்டி காலியாக இருக்கும்.

எங்களுக்கு லோகோ இன்ஸ்பெக்டராக வந்தவர் வைத்தியநாதன் சார். டிரைவர்கள் ஒழுங்காக ஓட்டுகிறார்களா என்று கூடவே வந்து பார்ப்பது அவர் வேலை. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பியூனைக்கூட நீங்கள் என்றுதான் சொல்வார். எந்த ஸ்டேஷனில் நின்றாலும் இறங்கி, நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல இருக்கும். திட்டவே மாட்டார், கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

கேட்டில் மெதுவாகப் போவதை முதல் பயணத்திலேயே பார்த்துவிட்டார்.

"மீரான், இங்க வேகத்தைக் குறைக்கச் சொல்லி உங்களுக்கு ஏதாவது உத்தரவு வந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் குறைச்சீங்க?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"டோக்கன் உங்க கையில இருக்கிறவரைக்கும் பின்னால ஒரு உப்பு வண்டி காத்துக்கிட்டு நிக்குது. அதோட டிரைவருக்கும் வீடு இருக்குல்ல?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இனிமே வேண்டாம்" என்றார்.

சரி சார் என்றேன். அவர் வராத நாட்களில் வழக்கம்போல மெதுவாகத்தான் போனேன். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் தம்பி ஜப்பாருக்கு சவூதி விசா வந்தது அந்தப் பங்குனியில்தான். நான் மூத்தவன், அவன் கடைசி. வாப்பா இறந்தபோது அவன் உம்மாவின் இடுப்பில் இருந்தான். உம்மாவுக்கு அவனை அனுப்ப மனசே இல்லை. ஆனால் விசா வந்த பிள்ளையைத் தடுத்து நிறுத்த எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. மறுநாள் காலை மெட்ராஸில் விமானம். விசாவின் கெடுவும் அந்த நாளோடு முடிகிறது. என் வண்டியில் ஜங்ஷன் போய், சாயங்கால மெட்ராஸ் எக்ஸ்பிரஸைப் பிடித்தால்தான் போக முடியும். விட்டால் எல்லாம் போயிற்று.

நான் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது உம்மா வாசல்வரை வந்தார்கள்.

"கேட்டுல நிப்பேன் வாப்பா. மெதுவா வா" என்றார்கள். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நம்ம வண்டிதானே உம்மா" என்றேன்.

பட்டுக்கோட்டையில் வண்டியை எடுக்கும்போது கேபினுக்குள் வைத்தியநாதன் சார் உட்கார்ந்திருந்தார். தம்பி ஏறப்போவதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தபடியே ஓட்டினேன். அதற்குள் வேறு ஒன்று வந்து வாய்த்தது.

பங்குனி என்றால் உளுந்து அறுவடை. பிடுங்கிய உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறி உடைத்துக் கொடுத்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். டெல்டாவில் இது எல்லோரும் செய்வதுதான். எங்கள் ஊருக்கு முந்தின கிராமத்தில், ஒரு சின்னக் கேட் பக்கத்தில், ரோட்டில் போட்டது போக மிச்சத்தைத் தண்டவாளத்தின் மேலும் பரப்பி வைத்திருந்தார்கள். பார்த்ததும் பிரேக் போட்டேன். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. நசுங்கிய உளுந்தின் மேல் வழுக்கிக்கொண்டே போய் கிராமத்தைத் தாண்டித்தான் நின்றது. பக்கிரிசாமி டிக்கெட் பையோடு முன்னால் வந்து விழுந்தார். வேறு யாருக்கும் அடி இல்லை.

சார் இறங்கிப் போனார். நானும் போனேன். வரப்பிலிருந்து ஒரு அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"ஏன் தண்டவாளத்துல போட்டீங்க?" என்று கேட்டார் சார்.

"ஒடைக்கத்தாங்க. தெனமும் போடறதுதான்."

என் முகத்தைப் பார்த்தார் சார். எனக்கே அன்றுதான் தெரியும். முந்தின நாட்களில் கொஞ்சமாகப் போட்டிருப்பார்கள், சக்கரத்துக்கு உறைத்திருக்காது.

"பெரிய வண்டி வர்றப்ப?"

"அப்ப அள்ளிருவோம். அது ஏறினா மாவாயிரும்ல. ஒங்க வண்டிதான் பதமா ஒடைக்குது."

சார் குனிந்து தண்டவாளத்தில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். "அம்மா, வண்டி நிக்க முடியாமப் போச்சு. உள்ள அறுபது பேரு இருக்காங்க. இனிமே போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அப்புறம் தானே ஒரு துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். பாதையைத் துடைத்து, நாலு சக்கரத்திலும் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, மணல் தூவி, மறுபடி கிளம்பும்போது நன்றாகத் தாமதமாகியிருந்தது. எக்ஸ்பிரஸைப் பிடிக்கக் கைவசம் இருந்த நேரத்தை உளுந்து தின்றுவிட்டது.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஜப்பார் புதுச் சட்டையும் புதுச் சூட்கேஸுமாக நின்றான். மாமாமார்கள் சூழ்ந்து நின்றார்கள். என்னைப் பார்த்ததும் கேபின் பக்கம் ஓடி வந்தான்.

"ரயிலப் புடிச்சிரலாமா காக்கா?" அண்ணனை நாங்கள் காக்கா என்போம்.

"ஏறு" என்றேன்.

ஸ்டேஷனை விட்டு நகர்ந்ததும் பின்னால் பக்கிரிசாமியின் குரல் கேட்டது. "சபுராளி இடது பக்கம் வாங்க." இன்ஸ்பெக்டர் இருப்பதை வேண்டுமென்றே மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"மீரான்" என்றார் சார். "எக்ஸ்பிரஸ் நமக்காகக் காத்திருக்குமா?"

"காத்திருக்காது சார்."

"அப்ப?"

தூரத்தில் கேட் தெரிந்தது. வெள்ளைத் துப்பட்டி ஒன்று முக்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றது. மெதுவாகப் போனால் உம்மா அவனைப் பார்ப்பார்கள், அவன் ரயிலை விடலாம். வேகமாகப் போனால் அவன் ரயிலைப் பிடிப்பான், உம்மா அவனைப் பார்க்க முடியாது. கை கைப்பிடியில்தான் இருந்தது. நான் குறைக்கவில்லை. அன்று என் கையைப் பிடித்தது சாரின் சொல்லா, தம்பியின் விசாவா என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் ஒருநாள் ஒரு மாதிரியும், மறுநாள் வேறு மாதிரியும் வருகிறது.

உம்மா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். என்னைக் கண்டதும் கை மேலே உயர்ந்தது. கேட் பின்னால் போய்விட்டது. நான் ஹாரனை அழுத்தியது தாண்டிய பிறகுதான்.

அதன்பின் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி என்று வண்டியைப் பறக்கவிட்டேன். அந்த நாலு சக்கரத்திடம் அத்தனை ஓட்டத்தை அதற்கு முன்பும் நான் வாங்கியதில்லை, பின்பும் வாங்கியதில்லை. ஜங்ஷன் வாசலுக்கு வந்தால் சிக்னல் கைகாட்டி ஏறியே நின்றது. உள்ளே போகக் கூடாது. எங்கள் வண்டி வந்து நிற்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று பக்கிரிசாமியை நடந்தே சிக்னல் கேபினுக்கு அனுப்பினேன். இன்ஜினை நிறுத்தினேன். அறுத்துப் போட்ட வயல். கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பக்கிரிசாமி திரும்பி வந்து சொன்னார்: "எக்ஸ்பிரஸே லேட்டாம். பிளாட்பாரத்துல நெல்லு வண்டி ஒண்ணு நிக்குது, அது கிளம்பினாத்தான் நம்மள எடுப்பாங்களாம்."

அதாவது, கேட்டில் நான் மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே கொக்குக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சார் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கேட்டுல ஒரு அம்மா உங்களைப் பாத்துக் கை காமிச்சாங்களே, யாரு?" என்று கேட்டார்.

"எங்க உம்மா சார். என் தம்பி உள்ள இருக்கான். சவூதி போறான்."

கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி கட்டுகிற மனிதராக இருந்தால் வேட்டி நுனியில் துடைத்திருப்பார். பேன்ட் போட்டிருந்ததால் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மெதுவாப் போகச் சொல்லியிருப்பீங்களா சார்?"

எந்தக் கேள்வியானாலும் மரியாதை கொடுத்து யோசிப்பது அவர் வழக்கம்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே அவர்மேல் எனக்குக் கோபம் வராமல் போனது. ஆமாம், சொல்லியிருப்பேன் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு அவரை நான் வெறுத்திருப்பேன்.

கைகாட்டி இறங்கியது. பிளாட்பாரத்தில் எக்ஸ்பிரஸுக்காக ஜப்பாரும் நானும் நின்றோம். ஆளுக்கு ஒரு டீ குடிக்க நேரம் இருந்தது.

"உம்மாவப் பாத்தியா காக்கா?"

"பாத்தேன்."

"என்னப் பாத்தாங்களா?"

"பாத்திருப்பாங்க" என்றேன்.

ராத்திரி வீட்டுக்குப் போனதும் உம்மா சோறு போட்டார்கள். நான் பாதி சாப்பிட்ட பிறகு, குறை சொல்லும் தொனியே இல்லாமல், "நீ நல்லாத் தெரிஞ்சே வாப்பா. அவன்தான் தெரியல" என்றார்கள். மீனின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்கள். இதை ஜப்பாரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கடுத்த மாதம் ஒருநாள் எங்கள் ஊரைத் தாண்டினால், கேட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு மஞ்சள் பலகை. அதில் கறுப்பில் பதினைந்து என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பக்கத்தில் வைத்தியநாதன் சார் நின்று, பலகை நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராலியில் ஆட்களைக் கூட்டிவந்து தானே நட்டிருக்கிறார். மேலே எத்தனை பேரிடம் நடந்து உத்தரவு வாங்கினாரோ தெரியாது.

ஜங்ஷனில் பார்த்தபோது கேட்டேன். "காரணம் என்ன சார் எழுதினீங்க?"

"கேட் பக்கம் ஜன நடமாட்டம் அதிகம்னு எழுதினேன். உண்மைதானே?" என்றார். அதோடு பேச்சை மாற்றி, பின் சக்கரத்தில் சூடு அதிகமாக இருக்கிறது என்றார்.

உத்தரவு என்றால் எல்லா வண்டிக்கும்தானே. அன்றிலிருந்து பாசஞ்சரும், உப்பு வண்டியும், ராத்திரி மெயிலும் அந்தக் கேட்டில் தலை குனிந்து மெதுவாகப் போயின. எதற்கு இந்தப் பலகை என்று வெளியூர் டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். எங்களுக்குத் தெரியும். முக்காலியைச் சுற்றி நின்ற பெண்கள் அவரவர் பிள்ளையைக் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வெள்ளைத் துப்பட்டிகளுக்கு நடுவே ஒரு முகத்தைத் தேடுவேன். அங்கே இருக்காது என்று தெரிந்தேதான் தேடுவேன். பிள்ளை போயாகிவிட்டது, உம்மாவுக்கு அந்தக் கேட்டில் இனி என்ன வேலை?

ஜப்பாரின் முதல் லீவு தள்ளிப் போனது. அவன் வருவதற்குள் உம்மா மௌத்தாகிவிட்டார்கள். மூன்று நாள் காய்ச்சல்தான். எங்கள் வழக்கப்படி அன்றே அடக்கம் செய்துவிட்டோம். டெலிபோன் பூத்தில் நின்று நான் சொன்னபோது, மறுமுனையில் அவன் அழவில்லை. "கேட்டுல என்னப் பாத்தாங்கள்ல காக்கா?" என்று மறுபடி கேட்டான். பாத்தாங்க என்றேன். பொய் சொன்னால் நாக்கு கூசும் என்பார்கள், அன்று கூசவில்லை.

அதற்குப் பிறகு அவன் வரும்போதெல்லாம் திருச்சியில் இறங்கி வேனில் வந்தான், வேனில் போனான். மற்ற சபுராளிகளும் அப்படியே ஆனார்கள். அகலப் பாதை போடப்போகிறோம் என்று எங்கள் ரயில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கடைசி நாள் வண்டிக்கு மாலை எல்லாம் போட்டார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. கேட்டில் பதினைந்துக்குக் குறைத்து, ஆளில்லாத முக்காலிக்கு ஒரு நீள ஹாரன் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு என்னை வேறு ஊரில் பெரிய வண்டிக்கு மாற்றினார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். யார் வீட்டு வாசல் வழியாகப் போகிறோம் என்று தெரியாமலேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். பழைய பாதையைப் பிடுங்கியபோது அந்த மஞ்சள் பலகையை யாராவது எடுத்து வைத்திருப்பார்களா என்று கேட்டு அலைந்தேன். பழைய இரும்போடு போய்விட்டதாம். வைத்தியநாதன் சார் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. சொன்னால், எதற்கு என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜப்பார் போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். தலை நரைத்துவிட்டது. முழங்கால் வலி. மகள் அனுப்பிய அந்த ஜெர்மனி வீடியோவை இரண்டு பேரும் என் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். பார்த்து முடித்ததும் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"உப்பளத்துக் கேட்டுக்குப் போவோமா காக்கா?" என்றான்.

போனோம். தோப்பு பாதி வீட்டுமனையாகிவிட்டது. கேட்டில் இப்போது மின்சாரத்தில் ஏறி இறங்கும் கம்பி. முக்காலி இல்லை.

"உம்மா எங்க நின்னாங்க?"

காட்டினேன். அந்த இடத்தில் போய் நின்றுகொண்டான். நான் பக்கத்தில் நின்றேன். சாயங்கால வண்டிக்கு மணி அடித்தது. கம்பி இறங்கியது. அகலப் பாதையில் புது வண்டி, நீளமான வண்டி. மெதுவாகப் போகச் சொல்ல அங்கே இப்போது பலகை எதுவும் இல்லை. ஜப்பார் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். வண்டி கடந்த காற்று எங்கள் கைலியைப் படபடக்க வைத்தது. சத்தம் அடங்கும்வரை வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"டிரைவர் ஒருத்தருதான் காக்கா தெரிஞ்சாரு. வேற யாரும் தெரியல."

அவன் தோளில் கை வைத்தேன். கம்பி ஏறியது. காத்திருந்த பைக்குகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"அடுத்த வண்டி எப்போ?" என்றான்.

"அதுக்கு ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும், இருப்போம்" என்றான்.